முப்பதாவது ஆள்

தாராவியில் நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தின் மாடிப்படிச் சுவரில் குழுப் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஒரு படம். அழகுக்கலைக்கு ரோஸ் டிஷர்ட், மொபைல் ரிப்பேருக்கு நீலம், செக்யூரிட்டிக்குக் காக்கி, ஆஸ்பத்திரி உதவியாளருக்கு வெள்ளை. டிஷர்ட் மாறும், முகங்கள் மாறும். கடைசி வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் ஒரு முகம் மட்டும் மாறவே மாறாது. நாற்பதைத் தாண்டிய பெண். இரண்டு மூக்குத்தி, படிய வாரிய தலை, புடவைக்கு மேலே மாட்டிய டிஷர்ட். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் முன்வரிசைத் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை புனேயிலிருந்து வந்த ஆய்வாளர் அந்தப் படியில் ஏறும்போது முதல் படத்தின் முன்னால் நின்றார். பிறகு இரண்டாவதன் முன்னால் நின்றார். மூன்றாவதன் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “யே சப் பெஹ்னே ஹை க்யா?” என்று என்னிடம் கேட்டார். இவர்கள் எல்லாரும் அக்கா தங்கைகளா என்று அர்த்தம். விதிப்படி எல்லாம் சரிதான், ஆனால் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ரயில் போய்விடும். அவருக்கு டீ எடுத்துக்கொண்டு பின்னாலேயே படியேறி வந்த அந்தப் பெண்ணே பதில் சொன்னார்.

“ஹாம் சாப், ஏக் ஹீ ஃபேமிலி.”

ஆமாம், ஒரே குடும்பம்தான் என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆய்வாளர் அவர் முகத்தையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மதராஸிகளிடம் குடும்ப ஒற்றுமை அதிகம் என்று பாராட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

அந்தப் பெண்ணை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் தோல்பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். இப்போது சான்பாடாவுக்குக் குடிபோய்விட்டார்கள். அக்காவைப் பற்றி நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம்.

நான் திலக் நகர்க்காரன். பி.காம். படித்துவிட்டு, மையத்தில் இரண்டு வேலைகளை ஒரே சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பயிற்சிக்கு ஆள் பிடிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதே ஆளுக்கு வேலை பிடிக்க வேண்டும். இதில் முதலாவதுதான் என் தலைமுடியைத் தின்றது. அரசாங்க விதிப்படி ஒரு குழுவுக்கு முப்பது பேர் வேண்டும். முப்பது பெருவிரல்கள் இயந்திரத்தில் பதிந்தால்தான் வகுப்பு தொடங்கும். இருபத்தொன்பது பேர் வந்து பையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாலும் கணினியின் கண்ணுக்கு அந்த அறை காலிதான். ஏன் முப்பது என்று மேலதிகாரி ஒருவரைக் கேட்டேன். “தொழில் சந்தையின் தேவை” என்றார். தொழில் சந்தை ஆட்களை முட்டை மாதிரி தட்டுக் கணக்கில்தான் வாங்குகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதன்முதலில் அக்காவைப் பார்த்ததும் அப்படி ஒருவர் குறைந்த நாளில்தான். டி-ஜங்ஷன் முக்கில் நோட்டீஸ் கட்டோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஷேர் ரிக்ஷாவில் இரண்டு பேர் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் வராமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று டிரைவர் காது குடைந்துகொண்டிருந்தான். அக்கா வந்தார், ஏறினார், வண்டி போனது. கொஞ்ச நேரத்தில் அதே அக்கா சாவகாசமாக நடந்து திரும்பி வந்து, இரண்டு பேரோடு நின்ற இன்னொரு ரிக்ஷாவில் ஏறிப் போனார். மறுபடியும் நடந்து வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, நீங்க எங்கதான் போறேள்?”

“நான் எங்கய்யா போறேன்? ஒரு ஆளு இல்லாம ரெண்டு பேரு வேனல்ல கெடந்து வேகுதாவ. ஏறி உக்காந்தா வண்டி கெளம்பிரும். அடுத்த ஸ்டாப்புல எப்பிடியும் ஆளு நிக்கும், எடத்தக் குடுத்துட்டு எறங்கி வந்துருவேன்.”

“டிரைவர் ஒண்ணும் சொல்ல மாட்டானா?”

“அவன் என்னத்தச் சொல்லுவான்? என்னையத் தேடித்தான நிப்பாட்டி வச்சிருக்கான்.”

இப்படி ஒருவர் உலகத்தில் இருக்கும்போது நான் எதற்காக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. “எனக்கும் ஒரு ஆள் கொறையறதுக்கா” என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “எத்தனைக்கு எத்தனை?” என்றார்.

“முப்பதுக்கு இருபத்தொம்பது.”

“யாத்தாடி! பொறவு என்னத்துக்கு இங்கன நின்னு கத பேசிட்டு இருக்கிய? வாங்க வெரசா.”

எனக்கு முன்னால் நடந்தார். மாடியேறி, வரிசையில் நின்று, பெருவிரலை வைத்து, இயந்திரம் பச்சை விளக்கு காட்டிய பிறகுதான் திரும்பி, “ஆமா, இது என்ன படிப்பு?” என்று கேட்டார். செக்யூரிட்டி கார்டு பயிற்சி என்றேன். “அதுக்கென்ன” என்று போய் உட்கார்ந்தார். பின்னால் இருந்த இருபத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவர் வாங்கிக்கொண்ட விதம் எனக்கு மறக்காது. கல்யாண வீட்டில் பெண்ணின் அத்தை வாங்கிக்கொள்வது மாதிரி, தனக்கு வரவேண்டியதுதான் என்று.

பிறகு விசாரித்ததில் இது அவருடைய பழைய வழக்கம் என்று தெரிந்தது. அம்மன் கோயிலில் நூற்றெட்டுத் திருவிளக்குப் பூஜைக்கு நூற்றேழு பேர் வந்தால், கமிட்டிக்காரர் ஆளனுப்புவது அக்கா வீட்டுக்குத்தான். சொசைட்டி மீட்டிங்குக்கு ஒருவர் குறைந்தால், அந்தச் சொசைட்டிக்காரர்கள் அக்கா தங்கள் கட்டடத்தில் குடியில்லையே என்று வருத்தப்படுவார்கள். கேரம் விளையாடுகிற பையன்கள் மூன்று பேராக நின்றால் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு நாலாவது பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஜெயிப்பது தோற்பது எல்லாம் அவருக்கு ஒன்றுதான். பலகையின் நாலு பக்கமும் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செக்யூரிட்டிக்குப் பிறகு மொபைல் ரிப்பேர், அதன் பிறகு ஆஸ்பத்திரி உதவியாளர், பிறகு கேக் செய்வது, பிறகு ஜவுளிக்கடை விற்பனை. இது எப்படி முடியும் என்று கேட்கலாம். ஒரு திட்டத்தில் ஒருவர் ஒரு முறைதான் சேர முடியும். ஆனால் மத்திய அரசுக்கு ஒரு திட்டம், மாநில அரசுக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, பெரிய கம்பெனிகளின் தருமக் கணக்கில் ஆளுக்கொன்று. ஒரு திட்டத்தின் கணினிக்கும் இன்னொரு திட்டத்தின் கணினிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பங்காளிச் சண்டை போட்ட வீடுகள் மாதிரி. அக்கா எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போய்வந்தார்.

அவருடைய கணவர் ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டார்: “சார், இந்தக் கோட்டிக்காரி படிச்ச படிப்புக்கு ஒரு ஜில்லாவையே நடத்தலாம். வீட்டுல மொபைல் ரிப்பேர் ஆச்சுன்னா எங்கிட்டத்தான் கொண்டாந்து குடுக்கா. அப்பிடி என்னதான் சொல்லிக் குடுக்கிய?”

நியாயமான கேள்வி. உண்மையில் அக்காவுக்குப் பாடம் எதுவும் ஏறவில்லை. ஏறுவதற்கு அவர் நேரம் கொடுக்கவில்லை. வகுப்பில் எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அவர் போய் நிற்பார். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் கட்டுப் போட்டுப் பழக ஒரு நோயாளி வேண்டியிருந்தது. அக்கா படுத்தார். தலையிலிருந்து கால்வரைக்கும் எல்லாரும் ஆளுக்கொரு கட்டுப் போட்டார்கள். அவிழ்ப்பதற்குள் மணியடித்துவிட்டது. அப்படியே வீட்டுக்குப் போனார். சந்தில் நுழைந்ததுமே செய்தி பரவி, தெருவே சாத்துக்குடியும் பிரட்டுமாகப் பார்க்க வந்துவிட்டது.

மறுநாள், “ஒண்ணுமில்ல, கிளாஸ்னு சொல்லிருக்கலாமே அக்கா?” என்று கேட்டேன்.

“எப்பிடிச் சொல்லச் சொல்லுதிய? வேலைய வெட்டிய விட்டுட்டு வந்து நிக்காவ. பாக்க வந்தவுக இத்தனை பேரு இருக்கும்போது படுக்க ஒரு ஆளு வேண்டாமா? படுத்துக்கிட்டேன்.”

அழகுக்கலைப் பயிற்சியிலும் அதே கதைதான். புருவம் திருத்திப் பழக முகம் வேண்டும். அக்கா முகத்தைக் கொடுத்தார். இருபத்தொன்பது பேர் கைநூலும் அவர் புருவத்தில்தான் பழகியது. மாதக் கடைசியில் அவருக்குப் புருவம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பயிற்சிப் படத்தில் மட்டும் அவர் பேயைக் கண்டவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் உட்கார்ந்ததால் தொடங்கிய வகுப்புகளில் படித்தவர்கள் இன்றைக்கு முலுண்டிலும் வாஷியிலும் கடையில், ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள். அவர்களில் யாரும் அவரால்தான் வேலைக்கு வந்தோம் என்று நினைப்பதில்லை. அவரும் நினைக்கவில்லை. நீங்கள் ஏன் ஒரு வேலையில் சேரக்கூடாது என்று நான் கேட்டதற்கு, “வேலைன்னா தெனமும் ஒரே சோலி. படிப்புன்னா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா புதுச் சட்ட” என்றார்.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அந்த மையத்துக்கு அடுத்த குழு கிடையாது. நான் ஓடியாடிப் பார்த்தேன். கடைசிக் குழுவில் சேர்த்தவர்களை எண்ணினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒருவர் குறைந்தது. மிச்சம் இருந்தவர்களில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஒருவன் ஊருக்குப் போய்விட்டான். வேலை இல்லாமல் கையில் இருந்தவர் அக்கா மட்டும்தான்.

தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். “அக்கா, வேலைக்குப் போனவாள்ல ஒரு ஆள் கொறையறது.”

அவர் முகம் வாடியது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. குறைகிறது என்ற சொல்லைக் கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பெண்மணி அவர்.

முதலில் காட்கோபர் மாலில் ஒரு துணிக்கடை. ஒரு குடும்பம் பெண்ணுக்குச் சல்வார் எடுக்க வந்தது. அம்மாவும் பெண்ணும் எடுக்கலாம் என்றார்கள். அப்பா தனியாக நின்று வேண்டாம் என்றார். இரண்டு பேருக்கு எதிரே ஒருவர் தனியாக நிற்பதை அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்பா பக்கம் போய் நின்று, “வேண்டாம்யா, ஒரு தண்ணிக்குத் தாங்காது” என்றார். மேலாளர் அன்றைக்கே எனக்குப் போன் செய்தார்.

அடுத்து ஓர் ஆஸ்பத்திரி. அங்கே நன்றாகத்தான் இருந்தார். ஆனால் பார்வையாளர் நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடினால், ஒரு கிழவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவருக்குப் பாவ் ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். நாலு பக்கமும் நோயாளிகள் கூப்பிடுகிற மணி அடித்துக்கொண்டிருக்கும். ஏன் இப்படி என்று நான் பல்லைக் கடித்தேன்.

“எல்லாக் கட்டிலுக்கும் பாக்க ஆளு வந்திருக்கு தம்பி. அந்த ஒரு கட்டிலுக்கு மட்டும் இல்ல. எனக்குக் கண்ணுல குத்துது.”

பல்லைக் கடித்ததற்கு வெட்கப்பட்டதுதான் மிச்சம். ஆஸ்பத்திரியும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இனி மையத்தை மூட வேண்டியதுதான் என்று ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தேன். எனக்குப் பக்கத்தில் தொங்கிய தடித்த மனிதர் போனில் கத்திக்கொண்டிருந்தார்: “தீஸ் போலா தா நா? உன்தீஸ் கைசே பேஜா?” முப்பது பேர் கேட்டேனே, இருபத்தொன்பது பேரை எப்படி அனுப்பினாய் என்று. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த உலகத்தில் எனக்கு ஒரு கூடப்பிறந்தவன் இருக்கிறான்!

அவர் டிவி நிகழ்ச்சிகளுக்கு ஆடியன்ஸ் சப்ளை செய்கிறவர். சிரிப்பு நிகழ்ச்சி, பாட்டுப் போட்டி எல்லாவற்றிலும் கைதட்ட ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கூட்டம் அவருடையது. ஒரு சீட் காலியாக இருந்தாலும் கேமராவில் பொக்கைப் பல்லாகத் தெரியுமாம். “நாள் முழுக்க உட்காரத் தெரிந்த ஆளே கிடைப்பதில்லை” என்று அலுத்துக்கொண்டார். எங்கள் அக்கா வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர் என்று நான் சொன்னேன். வடாலா வருவதற்குள் பேசி முடித்துவிட்டோம். மாதச் சம்பளம், நியமனக் கடிதம், எல்லாம் முறைப்படி.

கோரேகாவ் ஸ்டூடியோவில் அக்கா ஒரு வாரத்தில் ராணியாகிவிட்டார். இந்தி ஜோக் பாதி புரியாது, ஆனால் கோமாளி மேடையில் கால் வைத்ததுமே முதல் சிரிப்பு அவருடையதுதான். “பாவம், வேஷத்தக் கட்டிட்டு வந்து நிக்கான். ஒருத்தரும் சிரிக்கலன்னா அவன் என்ன ஆவான்?” என்றார் என்னிடம். அவர் சிரித்தால் வரிசை சிரிக்கும், வரிசை சிரித்தால் கூடம் சிரிக்கும். சீக்கிரமே அவரை ஆடியன்ஸ் லீடர் ஆக்கினார்கள். மேடைக்குக் கீழே ஒரு முக்காலியில் நின்றுகொண்டு, எப்போது கைதட்ட வேண்டும், எப்போது ஆச்சரியப்பட வேண்டும் என்று கையைக் காட்டுகிற வேலை. புருவம் போன காலத்தில் பழகிய ஆச்சரியம் கைகொடுத்தது.

மூன்று மாதம் கழிந்ததும் சரிபார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அவருக்குப் போன் செய்து வேலையில் திருப்தியா என்று கேட்டாளாம். “அது கெடக்கட்டும், ஒங்க ஆபீஸ்ல போன் பண்ண ஆளு காணுமா, குறையுதா?” என்று அக்கா திருப்பிக் கேட்டாராம். மையம் பிழைத்தது. அடுத்த குழுவுக்கு அனுமதி வந்தது. அழகுக்கலைப் பயிற்சி. நான் வழக்கம்போல் ஆள் பிடிக்கக் கிளம்பினேன்.

இருபத்தொன்பது பேர் சேர்ந்தார்கள்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. முப்பதாவது ஆளுக்கு நானே வேலை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்கு இயந்திரம் பூட்டிக்கொள்ளும். இருபத்தொன்பது பெண்கள் ரோஸ் டிஷர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பட்டறையில் நூல் கத்தரிக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவள். “சார், இன்னைக்கு கிளாஸ் ஆரம்பிக்கலன்னா எங்கப்பா நாளைக்கு என்னைய பட்டறைக்கே அனுப்பிருவாரு. பொறவு விடவே மாட்டாரு. ப்ளீஸ் சார், கைசே பி, எப்பிடியாவது” என்றாள். எனக்கும் அதே நிலைமைதான். எங்களுக்கெல்லாம் பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் நாங்கள் ஊழியர்கள் இல்லை. சம்பளமில்லாமல் வந்து பழைய வேலையையே பார்ப்போம், வராவிட்டால் புது ஒப்பந்தம் கிடைக்காது. அது என்னுடைய பன்னிரண்டாவது மாதம். குழு தொடங்கினால்தான் எனக்கு மறுபடி வேலை.

தெருவெல்லாம் அலைந்தேன். டீக்கடைக்காரர் இதே திட்டத்தில் போன வருஷமே கேக் படித்தவர். கட்டிங் மாஸ்டர் வயது வரம்பைத் தாண்டியவர், தவிரவும் என்னைக் கண்டதும் பட்டறைக்குள் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஓவென்று கைதட்டல்.

“அக்கா, ஒரு ஆள் கொறையறது.”

மறுமுனையில் ஒரு நெடிய மூச்சு. பசிக்கிறவரிடம் சாப்பாட்டைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டது போல் எனக்கே பாவமாக இருந்தது. “நான் வந்துட்டா இங்கன குறைஞ்சிருமே தம்பி. அங்கன குறைஞ்சா ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும். இங்கன குறைஞ்சா ஊரு ஒலகத்துக்கே தெரியும்.” கொஞ்சம் யோசித்தார். “அது கெடக்கட்டும், நீங்க இப்பம் வேலையிலயா இருக்கிய?”

“இல்லக்கா. இது பிரேக் மாசம்.”

“வயசு?”

“முப்பத்தஞ்சு.”

“பொறவு என்னத்த ஊரெல்லாம் தேடுதிய? பெருவெரலு இருக்கும்லா?”

“அக்கா, நான் ஆம்பளை. இது ப்யூட்டி பார்லர் படிப்பு.”

“ஆம்பளைக்குப் புருவம் கெடையாதா? போங்க வெரசா, பிள்ளைய உக்காந்திருக்காவ.”

கைதட்டல் இன்னும் பலமானது. போன் நின்றுவிட்டது. இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். எத்தனையோ பேருடைய விரலைப் பிடித்து அதில் வைத்திருக்கிறேன், என் விரலை வைத்தது அன்றைக்குத்தான். பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தொன்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நூல் கத்தரித்த பெண் எனக்கு ஒரு ரோஸ் டிஷர்ட் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஒப்பந்தம் எனக்கு வரவில்லை. பயிற்சியில் இருக்கிற மாணவனை ஊழியனாக வைத்துக்கொள்ள விதியில் இடமில்லையாம். என் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஃபேஷியலின் படிகளைப் படித்தேன். பழக முகம் வேண்டும் என்றபோது எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். ஒருநாள் மாலை வீட்டுக் கதவைத் தட்டினேன். என் மனைவி திறந்து, “யார் வேணும்?” என்று கேட்டாள். திலக் நகரில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் புருவத்தோடு போனது. அக்காமேல் அப்போது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

பயிற்சி முடிந்தது. படம் எடுத்தார்கள். கடைசி வரிசை, இடது ஓரம். சில நாளில் அந்தப் புதுப் பெண் என்னைத் தேடி வந்தாள். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. வேலைல சேர்ந்தவங்கள்ல ஒரு ஆள் குறையுது. உங்களுக்குத்தான் இன்னும் ஆகல” என்றாள். அவள் கண்ணின் கீழ் இருந்த கருவளையத்தை நான் நன்றாக அறிவேன். என்னுடையதுதான் அது, அந்த வேலையோடு கைமாறியிருந்தது. பெண்கள் பார்லர்களில் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஆண்கள் சலூனில் ஷேவிங் தெரியுமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் புருவம், ஃபேஷியல்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது.

“தம்பி, ஒரு ஆளு குறையுது.”

“எத்தனைக்கு எத்தனை?” என்று என் வாய் தானாகக் கேட்டது.

முன்வரிசை ஆடியன்ஸ் முகங்கள் கேமராவில் எண்ணெய் வடியத் தெரிகிறதாம். பவுடர் போட்டு, புருவம் திருத்தி, முகம் துடைத்துவிட ஓர் ஆள் வேண்டுமாம், சான்றிதழோடு. மாதச் சம்பளம், நியமனக் கடிதம். வந்திருந்த கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. “வரேன்க்கா” என்றேன்.

அப்படித்தான் நான் பயிற்சி பெற்ற துறையிலேயே வேலை கிடைத்த அபூர்வ மனிதன் ஆனேன். முகம் துடைக்கிற வேலை முடிந்ததும் காலியாக இருக்கிற ஒரு சீட்டில் நானும் உட்கார வேண்டும் என்பது அக்காவின் கூடுதல் நிபந்தனை. படப்பிடிப்பு தொடங்குமுன் ஆடியன்ஸில் எல்லார் போனையும் வாங்கிப் பையில் போட்டுவிடுவார்கள். மூன்றாவது மாதம் முடிந்த அன்று மட்டும் அக்கா என் போனைத் திரும்பக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “சரிபாக்குத ஆபீஸ்ல இருந்து வரும். எடுக்காட்டா அந்தப் புதுப் பிள்ளைக்கு ஒண்ணு குறைஞ்சிரும்.”

படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. சீட்டுக்குக் கீழே குனிந்து எடுத்தேன். ஒரு பெண் குரல் வாசித்தது: “பயிற்சி பெற்ற துறையிலேயே வேலை கிடைத்ததா? கிடைத்த வேலையில் நீங்கள் திருப்தியாக இருக்கிறீர்களா?”

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். மேடையில் கோமாளி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், அவர் அதைக் கேட்கவில்லை. விரலை நீட்டித் தலை தலையாக எண்ணிக்கொண்டே வந்தார். என் வரிசைக்கு வந்தார். என் தலையில் விரல் நின்றது. கணக்கு சரியாக இருந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்து கையை உயர்த்தினார்.

கூடம் முழுக்க எழுந்து கைதட்டியது.